டிவியில் பாடையை மறித்தவன்

ஜூலை 3, திங்கள்

அரசு வக்கீலம்மா ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொன்னார். அதனால் இது.

வக்கீலம்மா பெயர் மெர்சி. நாகர்கோவில் பக்கம். இன்று காலை டவுனில் அவர் அறைக்குப் போயிருந்தேன். என் தங்கச்சி மகள் மாரிச்செல்வி செத்த கேசு, நாலு வருடம் கழித்து இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி விசாரணைக்கு வருகிறது. நான்தான் முதல் சாட்சி. நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். மாரிச்செல்விக்குக் காது குத்தியதில் இருந்து ஆரம்பித்தேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள். அன்றைக்குப் பார்த்து ஆசாரி வரத் தாமதமாகிவிட்டது. அந்த நேரத்தில் வெட்ட வைத்திருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. அதைப் பிடிக்கப் போன மாப்பிள்ளை ஒருவர் பட்டு வேட்டியோடு சகதியில் விழுந்து...

வக்கீலம்மா கையைக் காட்டினார். "ஐயா, கோர்ட்ல இப்படி ஊரைச் சுத்திட்டு வந்தீங்கன்னா ஜட்ஜம்மா அடுத்த மாசத்துக்குத் தள்ளிருவாங்க. ஒரு நோட்டு போடுங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க. எழுத எழுத வரிசையா நிக்கும்."

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆடு மேய்க்கிறவன். அறிவொளி வகுப்பு வந்தபோது முப்பது வயதில் எழுத்துக் கற்றேன். பேசுகிற மாதிரி எழுதக் கூடாது, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். அப்படியே எழுதுகிறேன்.

நடந்ததை எழுதுவதற்கு முன்னால் நடக்காததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிறு எரிகிறது.

ஞாயிறு மதியம் டிவியில் 'கூண்டில் ஒரு குரல்' என்று ஒரு தொடர் வருகிறது. வாரத்துக்கு ஒரு கேசு. நூற்றுப் பன்னிரண்டாவது வாரம் எங்கள் கேசு. 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது, பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று முதலில் எழுத்துப் போடுகிறார்கள். போன வருடம் இரண்டு பேர் டவுனில் இருந்து வந்து, பால்பாண்டி டீக்கடையில் என்னை உட்கார வைத்து மூன்று மணி நேரம் கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டு என்ன? எல்லாம் தப்பு. திருப்பூரில் இருக்கிற என் மகள் அதைப் போனில் அனுப்பி வைத்தாள். இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தப்பு தெரிகிறது.

மாரிச்செல்விக்குச் சுருட்டை முடி. சீப்பு நுழையாது. டிவியில் வருகிற பெண்ணுக்கு முடி தண்ணீர் மாதிரி விழுகிறது. அவளைக் கட்டிக்கொடுத்த மேலப்புதூர் வீடு தகரக் கொட்டகை போட்ட வீடு. டிவியில் மாடிப்படி இருக்கிறது. எனக்கு மீசை முளைக்காது. டிவி மாமனுக்குக் கன்னம் வரை மீசை. கடைசியில் வக்கீல் பெண் கையை நீட்டிக் கத்த, புருஷன்காரன் கூண்டிலேயே கதறி, "நான்தான் கொன்னேன்" என்கிறான். நாற்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மாரிச்செல்வி புருஷன் பரமகுரு எந்தக் கூண்டில் கதறினான்? ஜாமீனில் வந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் புரோட்டா தின்கிறான். இரண்டு தடவை சால்னா கேட்டு வாங்கித் தின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

இரண்டு குட்டிகளுக்கு வாய்ப்புண். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் பரமகுரு போன் செய்தான். மாரிச்செல்விக்கு நெஞ்சுவலி, போய்விட்டாள் என்றான். வேன் பிடித்தோம். என் வீட்டுக்காரி, தங்கச்சி குருவம்மாள், சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர். கோடிச் சேலையும் மாலையும் வாங்க வழியில் நிறுத்தினோம். அந்த ஜவுளிக்கடைக்காரன் செத்தவருக்கு என்று சொன்னதும் விற்காத பழைய மூட்டையில் இருந்து எடுத்துப் போட்டான். வீட்டுக்காரி அதைத் தூக்கி அவன் முன்னாலேயே வீசிவிட்டு வேறு எடுத்தாள்.

அங்கே போனால் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்திலும் முகத்திலும் மஞ்சள் அப்பியிருந்தது. "சுமங்கலியாப் போயிருக்கா, அதான் நானே பூசி விட்டேன்" என்றாள் மாமியார்க்காரி ராமுத்தாய். குருவம்மாள் மயங்கி விழுந்து அன்று முழுவதும் எழவில்லை.

குளிப்பாட்டும்போது மஞ்சள் கரைந்து கழுத்தில் விரல் தடம் தெரிந்தது. பாடை மறிக்கப்பட்டது. போலீஸ் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்தார்கள். நெஞ்சுவலி இல்லை என்று வந்ததும், தூக்குப் போட்டுக்கொண்டாள், அசிங்கமென்று மறைத்தோம் என்று பேச்சை மாற்றினார்கள். டாக்டர் ரிப்போர்ட்டும் இரண்டும் கெட்டானாக இருக்கிறதாம்: ஒரு நாள் தாமதம், உடம்பு குளிப்பாட்டித் தேய்த்த உடம்பு, தடத்தின் உருவம் கலங்கிவிட்டது. அதனால் அப்போதே கண்ணால் பார்த்த சாட்சி முக்கியம் என்று வக்கீலம்மா சொல்கிறார். அது உடைந்தால் அவன் வெளியே போய்விடுவான்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 9, ஞாயிறு

இன்று மதியம் நூற்றுப் பன்னிரண்டை மறுபடி போட்டார்கள். எங்கள் வீட்டில் பதினைந்து பேர். பால்பாண்டி கடையை அடைத்துவிட்டு வந்தான். அவன் என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டிவி மாமா" என்கிறான்.

வீட்டுக்காரி முதல் தடவை மட்டும்தான் பார்த்தாள். அதில் மாமன் மனைவியாக வருகிற பெண் பாடையைப் பார்த்ததும் மயங்கி விழுவாள். "மயங்கி விழுந்தது யாரு?" என்று அன்றைக்குக் கேட்டாள். "டிவின்னா அப்படித்தான்" என்றேன். அதன் பிறகு பாட்டு ஆரம்பித்தாலே ஆட்டுக்குக் குழை போடப் போய்விடுகிறாள். இன்றும் போய்விட்டாள்.

அந்தக் கட்டம் வந்தது. நாலு பெண்கள் சுற்றிச் சேலை பிடித்திருக்க, மாமன் உள்ளே நின்று குனிந்து பார்க்கிறான். கண் சிவக்கிறது. சேலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பாடைக்கு முன்னால் தொடையைத் தட்டி, "எடுக்காதீங்கடா!" என்கிறான். பால்பாண்டி விசில் அடித்தான்.

அப்போது குருவம்மாள் சிரித்தாள். நாலு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நல்ல சிரிப்பும் இல்லை.

"கூறுகெட்ட பயலுக. எந்த ஊர்ல ஆம்பள சேலை மறைப்புக்குள்ள நிக்கான்? பொம்பளைய குளிப்பாட்டுத எடத்துல?"

"பட்டணத்துக்காரனுக்கு என்னக்கா தெரியும்" என்றான் பால்பாண்டி.

எல்லாரும் சிரித்தார்கள். குருவம்மாள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"நீ எப்படிண்ணே பாத்த?"

"குழை போட்டாளா பாக்கேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். படம் எடுத்தவனுக்கு அறிவு வேண்டாமா? ஒரு சாவு வீட்டுக்குப் போனவன் ஒருத்தன்கூடவா அந்தக் கம்பெனியில் இல்லை?

ஜூலை 10, திங்கள்

டிவிக்காரன் தப்பு அது. அதற்கு நான் என்ன செய்ய.

ஜூலை 12, புதன்

இன்று ஒரு கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டிவியில் வந்ததில் இருந்து இது ஒரு வேலை. பெண் வீட்டுப் பக்கம் இந்தச் சீனிச்சாமி உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்குப் பயம் இருக்குமாம். பேச வேண்டியதில்லை, துண்டைத் தோளில் போட்டு முறைத்துக்கொண்டு இருந்தால் போதும். போன மாதம் மூன்று வீடு. ஒரு வீட்டில் கேசரி நன்றாக இருந்தது. மற்ற இரண்டிலும் மிக்சர் நமத்துப்போயிருந்தது.

இன்றைக்கு மாப்பிள்ளையின் தகப்பன், "மாமா, அந்தப் பாடை சமாச்சாரத்தை ஒங்க வாயால ஒரு தடவ சொல்லணும்" என்றான். சொன்னேன். வழக்கம்போல வேனில் இருந்து ஆரம்பித்தேன். ஜவுளிக்கடை, மஞ்சள், ராமுத்தாய். பிறகு, "சேலைய வெலக்கிட்டு உள்ள போறேன், குனிஞ்சு பாக்கேன், ரெண்டு பக்கமும் விரல் தடம்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தது அந்த மீசைக்காரன் அல்லவா?

நான் சொன்னதைத்தான் அவன் நடித்தான். இப்போது அவன் நடித்ததை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எது எங்கே இருந்து வந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. "பெறகு?" என்று எல்லாரும் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டேன். பேச்சை முடிக்காமலே வந்துவிட்டேன். அந்தக் கல்யாணம் முடிவாயிற்றா என்று தெரியாது.

ஜூலை 15, சனி

வக்கீலம்மா புகாரை வாசித்துக் காட்டினார். "'குளிப்பாட்டும்போது கழுத்தின் இருபுறமும் விரல் பதிந்த தடத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.' இதுதான் நம்ம கேசே. சரிதானய்யா?"

"சரிதாம்மா."

வக்கீலம்மா வீட்டில் கிறிஸ்தவர்கள், சவப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறவர்கள். சேலை மறைப்பு என்றால் அவருக்குத் தெரிய வழியில்லை. அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

"உங்க மனைவியும் அங்க இருந்தாங்கல்ல? அவங்க பேர் சாட்சிப் பட்டியல்ல இல்லையே."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிர்க்கடையில் பரமகுரு. "மாமா, சாப்பிட்டாச்சா?" என்றான். மாமா என்று கூப்பிடுகிறான். செருப்பைக் கழற்றி அடிக்கக் கை வந்தது. பஸ் வந்துவிட்டது.

ஜூலை 16, ஞாயிறு

வீட்டுக்காரி ஆட்டோடு போன பிறகு போனில் அந்தக் கட்டத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

நாலு பெண்கள் சேலை பிடித்து நிற்கிறார்கள். நடுவில் வெள்ளை வேட்டியில் ஒரு தடியன். ஒருத்தி முகத்திலும் கூச்சமில்லை. எங்கள் ஊராக இருந்தால் குளிப்பாட்டுகிற செம்பாலேயே அவன் மண்டையை உடைத்திருப்பார்கள்.

நான் நின்ற இடத்தை எழுதுகிறேன். தண்ணீர் எடுத்து வருவது ஆண்கள் வேலை. பம்புசெட்டில் இருந்து குடத்தில் கொண்டுவந்தோம். என் பக்கத்தில் தோளோடு தோள் பரமகுரு. மறைப்புக்கு வெளியே நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குடத்தை நீட்டினேன். உள்ளே இருந்து ஒரு கை வாங்கியது. வளையலைப் பார்த்து அது வீட்டுக்காரி கை என்று தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். கையெல்லாம் மஞ்சள். என்னைத் தனியே இழுத்து, "கழுத்துல ரெண்டு பெருவிரலும் பதிஞ்சிருக்கு. நெரிச்சிருக்கான்" என்றாள்.

நான் சொன்னதை இப்போது எழுதவில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்று சொன்னேன்.

மேலப்புதூர் சம்பந்தம் நான் பார்த்த சம்பந்தம். குருவம்மாள் புருஷன் இல்லாதவள். பையன் தங்கமான பையன் என்று அவளிடம் சத்தியம் செய்தவன் நான். அந்த வருடம் தைமாதம் மாரிச்செல்வி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "மாமா, நான் இங்கயே இருந்துக்கிடுதேன்" என்றாள். மறுநாள் காலையில் நான்தான் டிவிஎஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். வழியில் நிலக்கடலை வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்னவில்லை.

பெண் செத்தால் பிறந்த வீட்டு ஆள் சொல்லாமல் எடுக்க முடியாது. அப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன். மேலப்புதூர்ப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பெறந்த வீட்டுக்காரக சொல்லுங்க. எடுக்கலாமா?" என்றார்.

"எடுங்க" என்றேன்.

தூக்கினார்கள். வீட்டுக்காரி ஓடிவந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தாள். "நெரிச்சிருக்கான்! கழுத்துல பெருவிரல் பதிஞ்சிருக்கு! போலீசக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். ஊரே பார்க்கிறது. நான் போய் அறைந்தேன். கம்மல் தெறித்து விழுந்தது. அவள் மூங்கிலை விடவில்லை. மறுபடி அறைந்தேன். யாரோ போன் செய்து போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் அவளிடம்தான் எல்லாம் கேட்டார். எழுதும்போது, "தாய்மாமன் நீரு இருக்கும்போது பொம்பள பேர்ல எதுக்கு? கோர்ட்டு கச்சேரின்னு அலைய வேண்டியிருக்கும்" என்று என் பெயரைப் போட்டார். அவள் பார்த்தது எல்லாம் 'நான் பார்த்தேன்' என்று ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அவள் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். ஊர் திரும்பியபோது, 'புகார் கொடுத்த மாமன்' என்று நாலு பேர் எழுந்து நின்றார்கள். வேனில் கூட வந்த சொந்தக்காரர்களும் குடும்ப மானம் என்று வாயைத் திறக்கவில்லை. மறுத்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஒரு நிமிடத்தைத்தான் நாலு வருடமாகக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோட்டை வக்கீலம்மாவிடம் காட்ட முடியாது.

ஜூலை 20, வியாழன்

வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்பது போலப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை கேசு" என்றேன்.

"தெரியும்."

"என்னத்தச் சொல்ல?"

"பேப்பர்ல இருக்கதச் சொல்லுங்க. நீங்க பாத்ததாவே இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பய உள்ள போனாச் சரி."

நாலு வருடமாக இவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் நான் அல்ல, அந்தப் பிள்ளை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டினால்கூட திருப்பித் திட்டலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

"அவன் வக்கீலு கேப்பானே. எத்தன வெரலு, எந்தப் பக்கம்னு..."

"கேப்பான்."

"சொல்லு. மனசுல வாங்கிக்கிடுதேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டிவில போயிப் பாருங்க. அங்கன குனிஞ்சு நல்லாப் பாக்கீகள்ல."

உளுந்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 24, திங்கள்

பத்தரைக்கு உட்கார வைத்தார்கள். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் கை வைத்தால் ஆடுகிறது. மேலே காற்றாடி சுற்றுகிற சத்தத்தில் ஜட்ஜம்மா பேசுவது பாதிதான் கேட்கிறது. எதிரே பரமகுரு புதுச் சட்டையில் நின்றான். அவன் அம்மா ராமுத்தாய் தலையில் முக்காடு போட்டிருந்தாள்.

வக்கீலம்மா ஆரம்பித்தார். பெயர், ஊர், உறவு. எல்லாம் சொன்னேன். காது குத்து வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"குளிப்பாட்டும்போது கழுத்தில என்ன பாத்தீங்க?"

வாக்கியம் தயாராக இருந்தது. மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தேன். தற்செயலாகப் பரமகுருவைப் பார்த்தேன்.

அவன் சிரித்தான். உதட்டோரத்தில் கொஞ்சம். அவன் வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியும். குடத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவனே அவன்தானே. நான் எங்கே நின்றேன், என்ன சொன்னேன், யாரை அறைந்தேன், எல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த ஒரு பொய் என் வாயில் இருந்து விழுவதற்காகத்தான் நாலு வருடமாகப் புரோட்டா தின்றுகொண்டு காத்திருக்கிறான். அதை வைத்துத்தான் வெளியே போகப்போகிறான். மாரிச்செல்வியை டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் இவன் கையில் கொடுத்தேன். இப்போது சாவியையும் கொடுக்க இருந்தேன்.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்துவிட்டார்.

வக்கீலம்மா முகம் வெளுத்தது. "ஐயா, கேள்வியக் கவனிச்சுச் சொல்லுங்க."

"கவனிச்சுத்தாம்மா சொல்லுதேன். ஆம்பள எப்படிப் பாப்பான்? சேலை மறைப்புக்குள்ள பொம்பளைகதான் நிப்பாக. நான் வெளிய தண்ணிக் கொடத்தோட நின்னேன். இந்தா நிக்கானே, இவனும் என்கூடத்தான் நின்னான். பாத்தது என் வீட்டுக்காரி."

என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லத் தொடங்கினார். ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "அப்ப புகார்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"எழுதினாக, போட்டேன். பெருமையா இருந்துச்சு, போட்டேன்."

பரமகுருவின் வக்கீல் எழுந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு எழுகிற மாதிரி எழுந்தார்.

"அப்ப பாடையை மறிச்சது நீங்க இல்ல?"

"இல்ல."

"எடுங்கன்னு சொன்னதே நீங்கதான்?"

"ஆமா."

"ஆக, அன்னைக்கு அங்க யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்ல. அப்படித்தானே?"

"என் வீட்டுக்காரிக்கு இருந்துச்சு. மூங்கிலப் புடிச்சுக்கிட்டு, பிள்ளைய நெரிச்சிருக்கான், கழுத்துல ரெண்டு பெருவிரலும் பதிஞ்சிருக்குன்னு நூறு பேரு முன்னால கத்தினா."

அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

"உங்க மனைவி சொன்னதை நீங்களே நம்பல. என்ன செஞ்சீங்க?"

"அறைஞ்சேன். ரெண்டு தடவ. அவ மூங்கில விடல."

டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பிறகு அடித்தாள். ஜட்ஜம்மா தாள்களைப் புரட்டினார். "அந்தம்மா பேர் ஏன் சாட்சிப் பட்டியல்ல இல்ல?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன மனுஷங்க? நான் கேட்டப்ப ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே! கேசு போயிருந்தா?"

"போயிருக்கும்மா."

"போயிருக்கும்னு இவ்வளவு சாதாரணமா..." என்று சொல்லி, பாதியில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரியைச் சாட்சியாக அழைக்க மனு எழுதப் போய்விட்டார். எதிர்க்கடையில் இன்று பரமகுருவைக் காணோம்.

ஜூலை 25, செவ்வாய்

பால்பாண்டி டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை 27, வியாழன்

குருவம்மாள் வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும்போது வாசலில் என்னைத் தாண்டுகையில் மட்டும், "நாலு வருஷமா ஒன் கால்ல விழுந்து விழுந்து கும்பிட்டேனே, பாவி" என்றாள்.

திட்ட எனக்கும் வாய் இருக்கிறது. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டேன்.

ஜூலை 31, திங்கள்

வீட்டுக்காரிக்கு சம்மன் வந்தது. ஒன்பதாம் தேதி. கைநாட்டு வைக்கச் சொன்னான் கோர்ட்டு ஆள். "எனக்குக் கையெழுத்துத் தெரியும்" என்று பேனாவை வாங்கிப் போட்டாள். நானும் அவளும் ஒரே அறிவொளி வகுப்பு.

"நடந்ததை ஒரு தடவ எங்கிட்டச் சொல்லிப் பாரு. வரிசையா நிக்கும்" என்றேன்.

"எனக்கு நாலு வருஷமா வரிசையாத்தான் நிக்கி."

ஆகஸ்ட் 9, புதன்

பத்து மணிக்கே போய்விட்டோம். ஆட்டைப் பால்பாண்டியின் தம்பி பார்த்துக்கொண்டான். வீட்டுக்காரி நீலக் கரைச் சேலை கட்டியிருந்தாள். வக்கீலம்மா வந்து அவளோடு தனியே கால்மணி நேரம் பேசினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சாட்சி சொல்லி முடித்தவன் உள்ளே உட்காரலாமாம். எழுந்தேன்.

"நீங்க வெளிய இருங்க" என்றாள் வீட்டுக்காரி.

"நான் இருந்தா என்ன?"

"வேண்டாம்."

கோர்ட்டு டவாலி வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். "வேலுத்தாய்! வேலுத்தாய்! வேலுத்தாய்!" முப்பத்தைந்து வருடமாக இந்தா, ஏய், இவளே என்று கூப்பிட்டுப் பழகிய எனக்கு, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது. அவள் எழுந்து போனாள்.

வேப்பமரத்தடியில் நின்றேன். இரண்டு மணி நேரம். உள்ளே சத்தம் கேட்கவில்லை. ஒரு தடவை அந்த வக்கீல் குரல் மட்டும் உயர்ந்தது. உடனே இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஆள் பீடியை நீட்டி, "என்னண்ணே கேசு?" என்றான். நல்ல கேட்கிற முகம் அவனுக்கு. எனக்கும் நேரம் கிடந்தது. வேன், ஜவுளிக்கடை, எல்லாம் நாக்கில் வந்து நின்றன.

"என் வீட்டுக்காரி சாட்சி சொல்லிட்டு இருக்கா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் வெளியே வந்தது பரமகுரு. யாரையும் பார்க்காமல் படியிறங்கினான். ராமுத்தாயை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பின்னால் வக்கீலம்மா. "அசைக்க முடியல, ஐயா. ஒரு வார்த்தை அசைக்க முடியல. மஞ்சளை யார் எப்ப பூசினதுன்னு வரைக்கும் சொல்லிட்டாங்க. இனி ஜட்ஜம்மா கையில" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

கடைசியில் அவள் வந்தாள். நிழலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சொன்ன?"

"பாத்ததச் சொன்னேன்."

"நான் அறைஞ்சதக் கேட்டானா?"

"கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. நானே என் வாயால் சொல்லி, தாளில் ஏறிப்போன ஒன்றை இவள் எதற்கு மறுபடி சொல்ல வேண்டும்? "எல்லாரு முன்னாலயும் அதச் சொல்லணுமா?" என்று நடுரோட்டில் கத்தினேன். பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை.

"எல்லாரு முன்னாலயும்தானே அறைஞ்சீக."

பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறினேன்.